நாண் தொடும் இடம்

அவள் கழுத்தில் இன்னொரு மணிமாலை ஏறியது.

பச்சை, சிவப்பு, மஞ்சள். எல்லாம் பிளாஸ்டிக்.

பேருந்து நிலையத்தில் துணி விரித்து அவள் அம்மா விற்கிற பாசிமணிகூட இதைவிட நல்ல மணி.

"சார், இது நாண்ல மாட்டும்."

வில்வித்தை கிளப்பின் தலைவர் அவளைப் பார்க்கவில்லை. போட்டோகிராபரைப் பார்த்தார். "தலையில ஒரு மயிலிறகு இருந்தா எடுப்பா இருக்கும், இல்ல?"

இறகும் ஏறியது.

இன்று வில்வேட்டை வகுப்பின் தொடக்க விழா. இந்த நாட்டில் வேட்டைக்குத் தடை. தடை யாருக்கு? காசு இருக்கிறவன் தென்னாப்பிரிக்காவுக்குப் பறந்து போய் மான் அடித்துவிட்டு வருவான். போவதற்கு முன் இங்கே, புல்வெளியில் நிற்கிற ஃபோம் மானின் மேல் கை பழகிக்கொள்வான்.

பழக்குவது அவள். ஞாயிற்றுக்கிழமைதோறும்.

சம்பளம் கிடையாது. கிளப் வில்லை மற்ற நாளில் அவள் எடுத்துப் போகலாம். அதுதான் பேச்சு.

வருகிற சனிக்கிழமை மாநில அணிக்குத் தேர்வு. அவளுக்குச் சொந்த வில் இல்லை.

தலைவரும் அவளிடம் வில் பழக வந்தவர்தான். ஒரு அம்புக்கு நாணைக் காதுவரை இழுப்பார். அடுத்த அம்புக்குக் கன்னத்தோடு நிறுத்திவிடுவார். ஒன்று மானின் கொம்பில் குத்தும். ஒன்று வேப்பமரத்தில்.

ஒரே இடம் சார், ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துக்கு வரணும் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"எங்களுக்குத்தாம்மா பயிற்சி. உங்க ஆளுங்களுக்கு இது ரத்தத்துலயே ஓடுது."

ரத்தம்.

அம்பையே தொடாமல் ஒரு வருஷம். ஹாஸ்டல் வராந்தாவில், கிழிந்த சைக்கிள் டியூபை இடது கையில் பிடித்து வலது கையால் முகவாய்க்கு இழுத்து, இழுத்து, இழுத்து. கண்ணை மூடினாலும் கை அங்கேயே வந்து நிற்கும்வரை. பிறகு வில். நாண் உரசி உரசி முகவாயில் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. நாண் அறைந்த இடது முழங்கை ஊதா நிறத்தில் வீங்கியது.

ரத்தம் அங்கேதான் கட்டியிருந்தது.

மேடைக்குப் பின்னால் பேனர். 'வேட்டைக்குடியின் வீரமகள்.' பி.எஸ்சி. இயற்பியல் என்று போடச் சொல்லியிருந்தாள். இடம் இல்லையாம்.

தலைவரின் முகத்துக்கு மட்டும் பாதி பேனர்.

மைக்கில் கூப்பிட்டார்கள். கோட்டில் போய் நின்றாள். இரண்டு பக்கமும் நாற்காலிகளில் ஆட்கள். மானுக்குக் கொஞ்சம் தள்ளி யாரோ ஒருவரின் குழந்தை புல் பிடுங்கிக்கொண்டிருந்தது.

அம்பைக் கோத்து இழுத்தாள்.

நாணோடு மணியும் சேர்ந்து எழும்பியது. ஒரு சரம் நாணைச் சுற்றிக்கொண்டது.

இப்போது விட்டால் அம்பு எங்கே போகும் என்று அந்த அம்புக்கே தெரியாது.

விடவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்ல, இழுத்ததை எல்லாம் இறக்கினாள்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "மானைப் பாத்துப் பாவப்படுதுப்பா!"

தலைவர் மைக்கோடு பக்கத்தில் வந்தார். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். பல்லில் சிரிப்பு இருந்தது. குரலில் இல்லை.

"அடிம்மா. சனிக்கிழமை வில்லு வேணுமா, வேணாமா?"

அவள் நாணில் சிக்கிய சரத்தை விடுவித்து, வில்லைத் தாங்கியில் வைத்தாள். மாலைகளை மொத்தமாகத் தலைவழியே கழற்றினாள். மயிலிறகு அதோடு சேர்ந்து வந்தது.

இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள்.

நம் ஊரில் யாராவது மாலையைத் தூக்கினால் போதும், தலைவர்களுக்குக் கழுத்து தானாகக் குனியும்.

குனிந்தது.

போட்டாள். எல்லாவற்றையும்.

கைதட்டல். ஃபிளாஷ். கும்பிடப் போன தலைவரின் கை மைக்கை விட்டு விலகியிருந்தது.

"எங்க ஆளுங்க வில்லு பிடிச்சதே இல்ல சார். நாட்டுத் துப்பாக்கிதான்."

ஸ்பீக்கர் அதை நாலு திசைக்கும் சொன்னது.

கைதட்டல் பாதியில் நின்றது. அந்தக் குழந்தையை யாரோ ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டார்கள். நல்லது. அதற்குத்தான் காத்திருந்தாள்.

வில்லை எடுத்துக்கொண்டு கோட்டுக்குத் திரும்பினாள். இழுத்தாள்.

மூக்கு நுனி. முகவாய். கறுப்புக் கோடு.

விட்டாள்.

தட்.

எல்லா முகங்களும் மானின் பக்கம் திரும்பின. அவள் திரும்பவில்லை. விட்ட கை கழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. நிற்க வேண்டிய இடம்தானா என்று மட்டும் பார்த்துக்கொண்டாள்.

நாணைக் கழற்றினாள். வில் நிமிர்ந்தது. துடைத்துப் பெட்டியில் வைத்து மூடி, பொன்னாடைகள் அடுக்கியிருந்த மேசையில் வைத்தாள். விரலுக்குப் போடும் தோலை மட்டும் எடுத்துக்கொண்டாள். அது அவள் தைத்தது.

தலைவர் இன்னும் மணியோடு நின்றுகொண்டிருந்தார். இத்தனை கேமராவுக்கு முன்னால் எப்படிக் கழற்றுவது?

பஸ் ஸ்டாப்பில் வெயில் கொளுத்தியது. பையிலிருந்து டியூபை எடுத்தாள். இடது கையில் பிடித்தாள். கண்ணை மூடி இழுத்தாள்.

"என்னம்மா, பஞ்சரா?" என்றார் பக்கத்தில் நின்றவர்.

கை முகவாயில் வந்து நின்றது.

அடுத்த இழுப்புக்கு மூச்சை உள்ளே வாங்கினாள்.