ஆணியில் மிஞ்சிய சாவி

தையல்காரர் கையில் சாவியோடு நண்பரின் கதவைத் தடவிக்கொண்டு நிற்கிறார். சாவித் துவாரம் இருந்த இடத்தில் எண்கள் மின்னுகிற கறுப்புத் தகடு இருக்கிறது. பூட்டை மாற்றி ஒரு மாதம் ஆனது, ஓடிவந்த பதற்றத்தில் அவருக்கு மறந்தே போய்விட்டது. ஒரு காலத்தில் வெளியே கிளம்புகிற தெருக்காரர்கள் எல்லாரும் அவர் கடை ஆணியில்தான் சாவியை மாட்டிவிட்டுப் போவார்கள். யாருக்கு என்ன ஆனாலும் திறந்து பார்க்க ஒரு ஆள் இருந்தார். இப்போது மிஞ்சியது இந்த ஒரு சாவிதான். வாசலில் இரண்டு பால் பாக்கெட். நேற்றையது வெயிலில் உப்பிக் கிடக்கிறது. உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. "டேய் கிழவா, தூங்கினது போதும், எழுந்து வாடா," என்கிறார். கதவை ஓங்கித் தட்டுகிறார். கதவுக்கு மேலே கேமராவில் நீல விளக்கு எரிகிறது. வெளியூரில் இருக்கும் மகனின் குரல் அதிலிருந்து வருகிறது. "என்ன மாமா, இந்த வெயில்ல?" "உங்கப்பா ரெண்டு நாளா கடைப்பக்கமே வரலப்பா." மகன் சிரிக்கிறான். "பயப்படாதீங்க மாமா. கதவு திறந்தா என் போனுக்கு மெசேஜ் வந்துடும். ரெண்டு நாளா திறக்கவே இல்ல. பத்திரமா உள்ளதான் இருக்காரு." தையல்காரர் வாயைத் திறப்பதற்குள் நீல விளக்கு அணைந்துவிடுகிறது. உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கிறது.