சத்தமில்லாத கத்தி

மூன்று பேரையும் கத்தியால்தான் முடித்திருக்கிறார்கள் என்று தங்கள் அணியின் சாவடி அறை வாசலிலேயே போக்னா முடிவு கட்டிவிட்டாள். ரத்தமும் இல்லை, சத்தமும் இல்லை.

சிரில் பெஞ்சில் சரிந்து கிடந்தான். கையில் பாதி கடித்த ஊறுகாய் வெள்ளரி. இகோர் வாசல் பக்கம் தலையை நீட்டிக் குப்புற விழுந்திருந்தான்; ஓடப் பார்த்திருக்கிறான், பாவம். அவளுடைய தம்பி டிமோன் அடுப்போரம் சுருண்டு கிடந்தான்.

வேறு நாளாக இருந்தால் அலறி ஊரைக் கூட்டியிருப்பாள். ஆனால் இது விளையாட்டு. பெரிய போரில் உலகமே அழிந்தபின் மிஞ்சிய பட்டாளங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதாகப் பாவனை. போலந்துக் காட்டுக்குள் கைவிடப்பட்ட பழைய ராணுவ முகாம் ஒன்றில் வருஷாவருஷம் நடக்கும். துப்பாக்கிக்குப் பிளாஸ்டிக் குண்டு, கோடாலிக்கு நுரைப்பஞ்சு, கத்திக்கு ரப்பர்.

குண்டு பட்டவன் "பட்டுது" என்று கத்திவிட்டு நடையைக் கட்டலாம். கத்தி பட்டவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. பட்ட இடத்திலேயே விழ வேண்டும். ஆட்டம் முடிகிற சங்கு ஊதும்வரை வாயைத் திறக்கக் கூடாது. துப்பாக்கிக்கு அஞ்சாத சூரர்கள்கூட ரப்பர் கத்திக்கு நடுங்கியது அதனால்தான்.

அணிக்கு ஒரு கத்திதான் உண்டு. எதிரணியில் அது ரெமிக்கிடம் இருந்தது. பட்டப்பெயர் மரநாய். வார்சாவில் பல் டாக்டராக இருந்தார். அங்கேயும் ஆட்கள் அவரைப் பார்த்துப் பயந்துகொண்டுதான் இருந்தார்கள்.

காலையில் காவல் கோபுரத்துக்குக் கிளம்பும்போதே போக்னா தம்பியிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"கரி கங்கானதும் புகைக்குழாயை அடைச்சிடுடா. மேல புகை தெரிஞ்சா மரநாய் மோப்பம் பிடிச்சுடும்."

"குளிர்ல நாங்க விறைச்சுப் போகணுமாக்கும்?"

"கங்குச் சூடே போதும். ஜன்னல் இடுக்குலயும் துணியைச் செருகு. அப்புறமா மேல வந்து என்னை மாத்திவிடு. தூங்கித் தொலைக்காதே."

"உத்தரவு, தளபதி அக்கா."

தளபதியை மாற்றிவிட யாரும் வரவில்லை. மழையில் நனைந்து நனைந்து பொறுமை போய் இறங்கி வந்தால், இந்தக் கோலம்.

அவள் தம்பியின் பக்கத்தில் குனிந்தாள்.

"டேய், எந்தப் பக்கமா வந்தாரு? கண்ணை மட்டும் காட்டு."

டிமோன் அசையவில்லை.

"சரி சரி. செத்தவன் பேசக் கூடாது."

போன வருஷம் செத்தபின் கிளுகிளுவென்று சிரித்து, ஒளிந்திருந்தவர்களை எல்லாம் காட்டிக்கொடுத்தவன் இவன். அணியிலிருந்து கழற்றிவிடுவோம் என்றார்கள். இந்தத் தடவை சாவடியைக் காப்பாற்றிக் காட்டுவான் என்று அக்கா கெஞ்சித்தான் சேர்த்துக்கொண்டார்கள். இன்று அவன் பல்லைக் காட்டவே இல்லை. அந்தக் கலவரத்திலும் அவளுக்குப் பெருமையாக இருந்தது.

சங்கு ஊதும்வரை சாவடிக்குள் ஒருவர் உயிரோடு இருந்தால் போதும், சாவடி அவர்களுடையது. தம்பியின் இடமும் தப்பும். அந்த ஒருவர் இப்போது அவள்தான்.

கதவைச் சாத்தி மேசையை முட்டுக்கொடுத்தாள். ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டாள். நுரைப்பஞ்சுக் கோடாலியை மடியில் வைத்துக்கொண்டு சுவரோடு சுவராக உட்கார்ந்தாள்.

ரப்பர் கத்தி வலிக்காது என்று மூளைக்குத் தெரிந்தது, உடம்புக்குத் தெரியவில்லை. நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறித்தது. பயம் வந்தால் வயிற்றைப் புரட்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறாள், இன்றுதான் அனுபவித்தாள். கால் முட்டி துவண்டது. இவ்வளவு கோழையா நான் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

கதவுக்கு வெளியே ஈரச் சருகு மிதிபட்டது. அப்புறம், நோயாளியிடம் பேசுகிற அதே பவ்யமான குரல்.

"உள்ள இருக்கிறவங்க எல்லாரும் கதவைத் திறங்க. ஊசிகூடப் போட மாட்டேன். சத்தியமா வலிக்காது."

போக்னா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பதில் சொன்னால் எத்தனை பேர், எந்த மூலை என்று தெரிந்துவிடும். கோடாலியைக் கதவுக்கு நேராகப் பிடித்தாள். நெஞ்சு அடித்துக்கொள்வது வெளியே கேட்டுவிடுமோ என்று வேறு பயம்.

குரல் கதவுப் பக்கம் கேட்டதே தவிர, ஆள் வந்தது ஜன்னல் வழியாக. கம்பளி பிய்ந்து விழுந்தது. குளிர்காற்றோடு ஓர் உருவம் உள்ளே குதித்தது. கோடாலியை ஓங்க நினைத்தாள், கை எழவில்லை. கழுத்தில் ரப்பர் ஜில்லென்று பட்டது.

"போச்சும்மா. நீ செத்தாச்சு."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சாவடி போனது, தம்பியின் இடமும் போனது. ஆனாலும் பயம் விட்டதில் சிரிப்பு வந்தது. இனி எச்சரிக்க உயிரோடு ஆள் இல்லை என்பதால் வாயைத் திறந்தால்தான் என்ன என்று தோன்றியது.

"ஒத்துக்கிறேண்ணே. இவங்க மூணு பேரையும் ஒரு சின்னச் சத்தம்கூட இல்லாம எப்படித்தான் முடிச்சீங்க?"

ரெமிக் அப்போதுதான் கீழே கிடந்தவர்களைப் பார்த்தார். பிறகு கங்கு கனலும் அடுப்பையும் அடைத்துக் கிடந்த புகைக்குழாயையும் பார்த்தார்; முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது.

"நான் தொட்டது உன்னை மட்டும்தாம்மா."