ஐந்தாவது தொலைநோக்கி

குறிபார்த்துச் சுடும் போட்டிகளுக்குப் போகிற ஞானசீலன், தன் துப்பாக்கியின் முதுகில் ஐந்தாவது முறையாகத் தொலைநோக்கி பொருத்தினார். மூன்று மாதம் நாலு பேரை விசாரித்து, இருப்பதிலேயே உசத்தி என்று வாங்கியது. துப்பாக்கியின் திருகுத் துளைகளில் மரை தேய்ந்துபோயிருந்தது. ஒவ்வொரு திருப்புக்கும் துப்பாக்கிக்கு உயிர் போய் வந்தது.

"அண்ணே, ஆயிரம் மீட்டர் தள்ளி இருக்கிற பலகையில ஈ உட்கார்ந்தாலும் அதோட காலைக் காட்டுவேன்," என்றது புதுத் தொலைநோக்கி.

"காட்டு தம்பி," என்றது துப்பாக்கி. முன்னால் வந்த நான்கும் இப்படித்தான் பேசின.

ஞானசீலன் மணல் மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்துப் படுத்தார். அவர் தோளில் அழுந்திய துப்பாக்கிக்கு, அவர் நெஞ்சு திக்திக்கென்று அடிப்பது கேட்டது. பதினைந்து வருஷமாகக் கேட்கிற சத்தம்தான்.

"அண்ணே, பலகை ஆடுதே!" என்று பதறியது தொலைநோக்கி.

"பலகை ஆடல தம்பி."

"அப்ப நானா?"

"நீயும் இல்ல."

அந்தத் திக்திக் அப்போதுதான் தொலைநோக்கிக்கும் கேட்டது. "எனக்கு முன்னாடி வந்தவங்க இதை அவருக்குக் காட்டலையா?"

"முதல்ல வந்தவன் கொஞ்சமாக் காட்டினான். அப்புறம் வந்தவங்க ஒருத்தரைவிட ஒருத்தர் பெருசாக் காட்டினாங்க."

ஞானசீலன் சுடாமலே எழுந்து கடைக்காரருக்குப் போன் போட்டார். "இது மத்ததைவிட மோசமா ஆடுதுங்க. இன்னும் உசத்தியா ஒண்ணு அனுப்புங்க."

பேசிக்கொண்டே திருப்புளியைத் தேடினார்.

"கழட்டும்போது வலிக்குமா அண்ணே?" என்றது தொலைநோக்கி.

"உனக்கு வலிக்காது," என்றது துப்பாக்கி.