பெரியநாயகியின் கேன்

"அந்தக் கேன் மேல கைய வெச்சீங்க, அவ்வளவுதான். சொல்லிப்புட்டேன்!"

குளியலறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியநாயகி போட்ட சத்தத்தில், பீங்கான் சூளை வேலை முடிந்து மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்த அவள் புருஷன் தங்கராசு அப்படியே நின்றுவிட்டான்.

"நான் ஏண்டி அதத் தொடப்போறேன்? குளிக்கணும், வழி வுடு."

"குளிங்க. ஆனா கால் தவறி இடிச்சிட்டேன், கவுந்துடுச்சுன்னு கதை சொல்லப்படாது."

அவன் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.

ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கொடுத்தது. காலை ஆறு மணிக்குப் போகிற சிறுநீரை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு மறுநாள் காலை ஆறு மணி வரை போவதையெல்லாம் ஒரு சொட்டு விடாமல் அதில் பிடித்துவர வேண்டும். அதைச் சோதித்துத்தான் அவள் கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று சொல்வார்கள். நன்றாக இருந்தால் இரண்டில் ஒன்றைத் தம்பி தமிழ்செல்வனுக்குக் கொடுக்கலாம். முப்பது வயதுப் பிள்ளை, வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ் கட்டிலில் கிடக்கிறான். வேறு யாருடையதும் பொருந்தவில்லை. அக்காள் ஒருத்திதான் பாக்கி.

தங்கராசுக்கும் அந்த மச்சானுக்கும் ஐந்து வருஷமாகப் பேச்சே கிடையாது. தமிழ்செல்வனின் கல்யாணப் பத்திரிகையில் தங்கராசின் பெயர் விட்டுப்போய்விட்டது. அச்சாபீஸ்காரன் தப்பு என்று ஊரே சொல்லியும் மனுஷன் மசியவில்லை. "வூட்டு மாப்பிள்ளை பேரையே மறந்தவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்றவன்தான். கிட்னி கொடுக்கப்போகிறேன் என்று அவள் சொன்னபோது சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. உம்மென்று இருந்தான். பெரியநாயகிக்கு அதுதான் சந்தேகம். வீம்பு பிடித்த மனுஷன், கேனைச் சாக்கடையில் கொட்டிவிட்டால் என்ன செய்வது?

போன் அடித்தது. தம்பி பெண்டாட்டி தென்றல்.

"எவ்வளவு சேர்ந்திருக்குது அண்ணி?"

"கால் கேன்கூட இல்லடி!" பெரியநாயகிக்கு அழுகையே வந்துவிட்டது. "இதப் பாத்துட்டு, ஒன் கிட்னி லட்சணம் இவ்வளவுதானா, போம்மான்னு அனுப்பிடப் போறாங்க. அப்புறம் அவனுக்கு யாருடி இருக்கா?"

தங்கராசு குளித்துவிட்டு வந்ததும் முதல் வேலையாக ஓடிப்போய்க் கேனைப் பார்த்தாள். மூடி லேசாகத் திரும்பியிருந்தது.

"தொறந்தீங்களா?"

"நாத்தம் தாங்கலடி. இறுக்கி மூடுனேன்."

தூக்கிப் பார்த்தாள். குறைந்த மாதிரி இல்லை. ஆனாலும் மனசு ஆறவில்லை. இரண்டு சொம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தாள். அதற்கப்புறம் அவன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முறைத்தாள், வரும்போதெல்லாம் கேனைத் தூக்கிப் பார்த்தாள், மறுபடி தண்ணீர் குடித்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பார்த்தால், அடேயப்பா! முக்கால் கேன்.

"பாத்தீங்களா? கொட்டணும்னு நெனச்சவங்க கண்ணு முன்னாலயே ரொம்பிடுச்சு!"

தங்கராசு சட்டையை மாட்டினான். புருஷன் கையெழுத்து வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதற்காக அவனும் வரத்தான் வேண்டும்.

பஸ்ஸில் கேனை மடியில் வைத்து, பச்சைப் பிள்ளை மாதிரிக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"என்னாம்மா அது, நல்லெண்ணெயா? லக்கேஜ் போடணும்" என்று கண்டக்டர் கிட்டத்தில் வந்தார்.

"எண்ணெய் இல்லைங்க. ஒண்ணுக்கு. டெஸ்ட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போறோம்."

கண்டக்டர் அதற்கப்புறம் பாண்டிச்சேரி வரைக்கும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. ஐந்து வருஷமாகத் தம்பி பேச்சு வந்தாலே சிரிக்காத தங்கராசுகூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினான்.

கேனை வாங்கிக்கொண்டார்கள், ரத்தமும் எடுத்தார்கள். சாயங்காலம் டாக்டர் சிவசங்கரி இருவரையும் உள்ளே கூப்பிட்டார்.

"ரத்தத்துல கிரியாட்டினின்ங்கிற கழிவு கம்மியாத்தான் இருக்கும்மா, பாயிண்ட் ஏழு. ஸ்கேன்ல ரெண்டு கிட்னியும் அருமையா இருக்கு. நீங்க தம்பிக்குக் கொடுக்கலாம்னுதான் எனக்குத் தோணுது."

பெரியநாயகி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"ஆனா கேன் டெஸ்ட்டை மட்டும் மறுபடி எடுக்கணும்."

"ஏங்க டாக்டர்? அவ்வளவு இருந்துச்சே!"

"அளவு இல்லம்மா முக்கியம். ரத்தத்துல இருக்கிற கழிவைக் கிட்னி எவ்வளவு வேகமா வெளியேத்துதுன்னுதான் பார்க்கிறோம். நிமிஷத்துக்கு நூறு மில்லி ரத்தத்தைச் சுத்தம் பண்ணினா ரொம்ப நல்ல கிட்னி. உங்களுக்கு இருநூறு வந்திருக்கு."

"ரெண்டு மடங்கா!" பெரியநாயகி பெருமையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நாலு கிட்னி இருந்தாத்தான் அப்படி வரும்." டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "உங்க எடைக்கு இவ்வளவு கழிவு வரவே வராது. நெஜத்தச் சொல்லுங்க, யாராவது அதுல கலந்தீங்களா?"

"ஐயோ, நான் காவல் காத்தேன் டாக்டர்!" பெரியநாயகி புருஷனை ஒரு முறை முறைத்தாள். "எங்க வூட்ல கொட்டறதுக்குத்தான் ஆளு இருந்துச்சு, கலக்கறதுக்கு யாரு இருக்கா?"

தங்கராசு எழுந்து நின்று தலையைச் சொறிந்தான்.

"அவளத் திட்டாதீங்க டாக்டர். தமிழ்செல்வனுக்குக் கிடைக்காமப் போயிடப் போவுதுன்னு போன்ல அழுதா... கேட்டுட்டு என்னால சும்மா இருக்க முடியல. அதான் நேத்து மத்தியானத்துலேருந்து நானும் அதுலயே போயிட்டேன்."