நேராக நின்ற ஸ்டியரிங்

சஸ்பென்ஷனை மாற்றி உயரத்தைக் கூட்டியதிலிருந்து ஜீப்புக்குத் தலைகால் புரியவில்லை. மற்ற கார்களின் கூரையைப் பார்த்துக்கொண்டே ஓடியது. நேரான சாலையில் போகும்போதும் அதன் ஸ்டியரிங் மட்டும் இடப்பக்கம் சாய்ந்தே நின்றது.

"கோணலா நின்னு என் மானத்தை வாங்கறியே!" என்று சீறியது ஜீப்.

"கோணல் என்கிட்ட இல்லண்ணே. உங்களை உயர்த்தினதுல முன்சக்கரங்க ஆளுக்கொரு பக்கம் பார்க்குது. அலைன்மென்ட் பார்த்துட்டா நானும் நேராயிடுவேன்."

"ஆமாண்ணே, ஓரமெல்லாம் தேஞ்சு எரியுது" என்று கீழிருந்து முனகியது இடது டயர்.

ஜீப் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பட்டறையில் ஸ்பானரைக் கூப்பிட்டு, "இவனைக் கழட்டி நேரா மாட்டு, போதும்" என்றது. ஸ்பானரும் அப்படியே செய்துவிட்டுப் போனது.

மறுநாள் மலையிறக்கம். ஜீப் குஷியாக வேகமெடுத்தது. ரப்பர் கருகும் வாடை வந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழிருந்து நடுக்கம் ஏறியது.

"ரப்பர் தேஞ்சு என் உள்கம்பி வெளியே தெரியுது! ஸ்டியரிங்கு, அண்ணன்கிட்ட சொல்லு!" என்று அலறியது டயர்.

"அண்ணே, ஓரமா நில்லுங்க! டயர் தாங்காது!"

"நீயே நேராத்தானே நிக்கிற? அப்புறம் என்ன பயம்?" என்று சிரித்தது ஜீப்.

வளைவு வருவதற்குள் டயர் வெடித்தது. ஜீப் தறிகெட்டுப் போய்ச் சாலையோரப் பள்ளத்தில் கவிழ்ந்தது.

புழுதி அடங்கியதும் ஜீப் முனகியது. "முன்னாடியே ஒருத்தராவது சொல்லியிருக்கக் கூடாதா?"

ஜீப் மாட்டச் சொன்னபடியே, ஸ்டியரிங் நேராக நின்றது.