துரத்தினால் ஓடுவாள்
தையல்காரி கடை வாசலில் அப்படியே நின்றுவிடுகிறாள். கழுத்தில் அளவு நாடா தொங்குகிறது. மூன்று வயது மகள் நடைபாதை விளிம்பில் நின்று அவளைப் பார்த்துச் சிரிக்கிறாள். குழந்தையின் முதுகுக்குப் பின்னால் லாரிகள் சீறிப் போகின்றன. தினமும் சாப்பாட்டுக் கிண்ணத்தோடு துரத்தித் துரத்தி ஊட்டிய வினை, அம்மா ஓரடி வைத்தால் போதும், மகள் சிட்டாய்ப் பறந்துவிடுவாள். “ஓடிப்போய்ப் பிடிங்கக்கா,” என்று ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தவள் பதறுகிறாள். “நீ நகராத. துரத்தினா ரோட்டுக்குள்ள ஓடிடுவா.” தொண்டைவரை வந்த பெயரை விழுங்கிக்கொண்டு, தையல்காரி சாலைக்கு முதுகைக் காட்டிப் படியில் உட்கார்கிறாள். நாடாவைச் சுருட்டுகிறாள். அது நழுவிப் பிரிகிறது. மறுபடி சுருட்டுகிறாள். எங்கோ பிரேக் கிறீச்சிடுகிறது. வந்தவள் வாயைப் பொத்திக்கொள்கிறாள். தையல்காரி திரும்பவில்லை. பிறகு, முதுகில் ஒரு பிஞ்சுக் கை தட்டுகிறது. “அம்மா, தொரத்து.”