கையோடு வந்த வால்வு

ஞாயிறு மதியம், அடுகோடியில் உள்ள தன் வீட்டில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டிருக்கிறான் குணசேகர். அரையிருட்டில் அவன் செய்த ஆம்ப்ளிஃபயரின் நான்கு கண்ணாடிக்குழல் வால்வுகளும் தணலாக மின்னுகின்றன, ஷெனாய் குழைகிறது. கோலாரிலிருந்து வந்த நண்பன் யேசுதாஸ் கண்மூடிக் கேட்கிறான். "ட்ரான்சிஸ்டர்ல இந்த இனிப்பு வருமா மச்சான்?" சுனிதா கணவனைப் பெருமையாகப் பார்க்கிறாள். சாய்ந்திருந்த ஒரு வால்வை யேசுதாஸ் கர்சீப்பால் பிடித்து நிமிர்த்த, அது கையோடு வந்துவிடுகிறது. ஷெனாய் நிற்கவில்லை. வால்வுகள் வெறும் விளக்குகள். பாடுவது அடியில் ஒளித்துவைத்த, கடையில் வாங்கிய ரெடிமேட் ட்ரான்சிஸ்டர் போர்டு. யேசுதாஸுக்குப் புரிந்துவிட்டது. குணசேகரின் காதுமடல் கொதிக்கிறது. "கெட்டுப்போச்சாண்ணா?" என்று சுனிதா பதறுகிறாள். யேசுதாஸ் வால்வைப் பதமாகத் திரும்பச் செருகுகிறான். "ஒன்னும் இல்லம்மா. உன் வீட்டுக்காரன் அருமையா செஞ்சிருக்கான்" என்கிறான், குணசேகரின் முகத்தைப் பார்க்காமலே.